எம்.எஸ்.டபிள்யூ-வில் ரிசர்ச் எதற்கு? வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:

எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் ஆண்டு, மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரி. வாரம் இரண்டு நாள் ஃபீல்டு ஒர்க், குடிநோய் மறுவாழ்வு வார்டில். அது பிடித்திருக்கிறது. டெசர்டேஷன், அதாவது கடைசி ஆண்டு ஆய்வறிக்கைதான் கழுத்தை அறுக்கிறது. அறுபது பேரிடம் கேள்வித்தாளைக் கொடு, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர சாஃப்ட்வேரில் ஏற்று, இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் கணக்கைப் போடு, "வயதுக்கும் மன அழுத்தத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை" என்று எழுது, பைண்டிங் போட்டு வைவாவுக்குப் போ. லைப்ரரியில் பழையவற்றைப் புரட்டினால் ஊர்ப் பெயரும் வருஷமும்தான் மாறியிருக்கின்றன. வார்டில் கிடப்பவருடைய மனைவி என் எதிரில் உட்கார்ந்து அழும்போது இந்த கை-ஸ்கொயர் எனக்கு என்ன செய்துவிடும்? வேலையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் யாராவது இதை எதற்காவது பயன்படுத்தியிருக்கிறீர்களா, இல்லை பாஸாகிவிட்டு மறந்துவிடுவதுதானா?

புங்கமரத்தடி:

குழந்தைகளோடு வேலை செய்கிறேன். கை-ஸ்கொயர் எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. ஆனால் ரிசர்ச்சே வீண் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு பற்றிப் படித்துவிடுங்கள். தொடங்கியவர் ரிச்சர்ட் கேபட் என்ற டாக்டர். 1905-இல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குள் சோஷியல் ஒர்க்கரைக் கொண்டுவந்தவரும் அவர்தான், ஆக உங்கள் ஸ்பெஷலைசேஷனுக்கே ஒருவகையில் தாத்தா.

1939-இல் பாஸ்டன் பக்கத்து ஏழைப் பகுதிகளில் ஐநூறுக்கும் மேற்பட்ட பையன்களை எடுத்து, வயது, குடும்பம், குணம் பார்த்து ஜோடி சேர்த்து, காசு சுண்டி ஜோடியில் ஒருவனை மட்டும் திட்டத்தில் சேர்த்தார்கள். அவனுக்குக் கவுன்சிலர் மாதம் இரண்டு தடவைபோல வீட்டுக்கே வருவார், பாடம் சொல்லித்தர ஆள், வைத்தியம், கோடை முகாம், இப்படிச் சராசரியாக ஐந்து வருஷம். இன்றைக்கு நம்மில் யாருக்காவது இவ்வளவு வசதி கொடுத்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவோம். முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பையன்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தத் திட்டத்தால் தங்களுக்கு நன்மைதான் என்றார்கள், கவுன்சிலரைப் பற்றிப் பாசத்தோடு பேசினார்கள். ஆனால் கோர்ட், மருத்துவமனை, இறப்புப் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டால் ஒன்றுமே கிடைக்காத மற்றப் பாதிதான் நன்றாக இருந்திருக்கிறது. உதவி பெற்றவர்களிடையே ஒரு குற்றத்தோடு நிற்காமல் மறுபடியும் செய்தவர்கள் அதிகம், குடிநோய் அறிகுறி அதிகம், இள வயதுச் சாவும் அதிகம். இது 1978-இல் வெளிவந்தது. பிற்பாடு தோண்டியபோது, கோடை முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களிடம்தான் கெடுதல் கூடுதலாகத் தெரிந்தது. வம்புக்காரப் பையன்களை ஒன்றாகச் சேர்த்துவைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம்.

அந்த மற்றப் பாதியைக் கணக்கெடுக்காமல் விட்டிருந்தால் இது மாபெரும் வெற்றி என்றே பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். நம் ஊர்த் திட்ட அறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில் "பயனாளிகள் திருப்தி தெரிவித்தனர்" என்று வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

கோடியக்காற்று:

மேலே சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் கிராமத்தில் ரிசர்ச் எப்படி வந்து இறங்குகிறது என்பதையும் பேசுங்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரத்தில் வேலை பார்த்தேன். ஒரு நிறுவனம் ஃபாரம் கொண்டுவரும், அடுத்தது ஒரு காலேஜ், அப்புறம் வெளிநாட்டுக் குழு, எல்லாருக்கும் அதே கேள்வி, உங்கள் வீட்டில் யார் இறந்தது, இப்போது தூக்கம் வருகிறதா. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும். என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் எனக்குத் தெரிந்து யாருமில்லை. இதில் டோனர் கேட்கிற இண்டிகேட்டர் வேறு. எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள் என்று நிரப்புவதிலேயே ஸ்டாஃப் நேரம் போய்விடும், வீட்டுக்குப் போய்ப் பேச ஆள் இருக்காது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லாமல் டிகிரிக்காகவும் ஃபண்டுக்காகவும் கேட்கிற கேள்விக்கு மக்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அந்தப் பேஷண்டின் மனைவியை அறுபதில் ஒன்றாக ஆக்கத் தயங்குகிறீர்களே, அந்தத் தயக்கம் நல்லது, அதை விட்டுவிடாதீர்கள்.

வார்டு நம்பர் ஏழு:

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சோஷியல் ஒர்க்கர். நான் நிஜமாகவே பயன்படுத்துகிறேன். வீட்டு விசிட் எதற்கு, மருந்து கொடுத்தால் போதாதா என்று மேலதிகாரிகள் கேட்கும்போது 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த காப்ஸி ஆய்வைத்தான் எடுத்து வைப்பேன். காஞ்சிபுரம், கோவா, சதாரா மூன்று இடங்களில் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) உள்ள 282 பேர். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை, அதில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக, பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். ஒரு வருஷம் கழித்து அவர்களுக்கு அறிகுறிகளும் முடக்கமும் கொஞ்சம் குறைந்திருந்தன. கொஞ்சம்தான். 20 சதவீதத்துக்கு மேல் அறிகுறி குறைந்தவர்களின் பங்கு இரண்டு குழுவிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. அதனால் விசிட்டை எல்லாருக்கும் கேட்க மாட்டேன், பக்கத்தில் வேறு வசதியே இல்லாத கிராமத்து ஆட்களுக்குத்தான் முதலில் கேட்பேன்.

உங்கள் டெசர்டேஷனுக்கு ஒரு யோசனை. மன அழுத்த ஸ்கேலைத் தூக்கிப் போடுங்கள். வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவர்களில் யார் ஃபாலோ-அப்புக்கு வருகிறார்கள், யார் வருவதில்லை? ரெஜிஸ்டரில் ஊர் இருக்கும், கூட வந்தது யார் என்பது இருக்கும். வீட்டு ஆள் துணையோடு வந்தவர்கள் கூடுதலாகத் திரும்பி வருகிறார்களா என்று பார்க்க நீங்கள் திட்டித் தீர்க்கிற அதே கை-ஸ்கொயர் போதும். அப்புறம் வராதவர்களில் ஏழெட்டுப் பேரை மட்டும், அவர்கள் சம்மதித்தால், நேரில் பார்த்து ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

வைகைக்கரை:

இது செய்யக்கூடியதாகத் தெரிகிறது, நன்றி. ரெஜிஸ்டரைப் பார்க்க விடுவார்களா? கைடு "ஸ்டாண்டர்டு ஸ்கேல் எங்கே" என்று கேட்டால்?

வார்டு நம்பர் ஏழு:

விடுவார்கள், ஆனால் டிபார்ட்மெண்ட் ஹெட் கையெழுத்தும் எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் வேண்டும். கமிட்டி எப்போது கூடும் என்று நாளைக்கே விசாரியுங்கள், அதில்தான் நாள் இழுக்கும். பெயர், போன் நம்பர் எதையும் உங்கள் ஷீட்டில் ஏற்றாதீர்கள், குறியீட்டு எண் போதும். கைடு கேட்டால், குடியின் தீவிரத்தைப் பார்க்க ஆடிட் (AUDIT) என்ற கேள்வித்தாளைப் பல வார்டுகளில் அட்மிஷன் அன்றே போடுகிறார்கள், உங்கள் கேஸ் ஷீட்டில் இருந்தால் அந்த ஸ்கோரையே சேர்த்துக்கொள்ளுங்கள், அவரும் சமாதானமாகிவிடுவார்.

கோடியக்காற்று:

முடிவை வார்டு நர்ஸ்களுக்கும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வராதவர்களைப் போன் போட்டுக் கூப்பிடுவது அவர்கள்தான்.