மொன்றியல் வார இறுதி: பூட்ஸ் இல்லாமல் ஹாக்கி பார்க்கப் போகலாமாம்!

மொன்றியல்_மாமா:
நேற்று காவேரிக்கரை என்பவர் "நண்பர்களோடு மொன்றியலில் ஒரு வார இறுதி" என்று பயணத் திட்டம் போட்டிருந்தார். வெள்ளி பின்னேரம் ரொறன்ரோவில் ரயில், சனி இரவு பெல் சென்டரில் ஐஸ் ஹாக்கி, ஞாயிறு திரும்பல். அதுவரை சரி. நடுவில் ஒரு வரி என் கண்ணை உறுத்தியது: "சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ஹாக்கி அரங்கம் வரை நிலத்தடியிலேயே நடந்துவிடலாம். பூட்ஸைச் சுமக்காதீர்கள், ஸ்னீக்கர் போதும்."

இந்த ஊரிலேயே குடியிருக்கிறவன் சொல்கிறேன். ஜனவரி இரவில் மைனஸ் 14 என்பது இங்கே சாதாரணம். ஒரு குளிர்காலத்தில் 2 மீட்டர் பனி கொட்டும் நகரம் இது. இங்கே ஸ்னீக்கரோடு வா என்று முன்பின் பனி பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்வது பொறுப்பில்லாத வேலை. இதற்குக் கீழே எத்தனை பேர் "அருமை, நன்றி" என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்ததும் கோபம்தான் வந்தது.

காவேரிக்கரை:
நான் எழுதியதை முழுதாகப் படித்தீர்களா சார்? ரயிலை விட்டு இறங்கினால் சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கிருந்து பொனவென்சர் மெட்ரோ. அதிலிருந்து பழைய விண்ட்சர் ஸ்டேஷன் வழியாக பெல் சென்டர். ஒரு இடத்தில்கூட வானம் தெரியாது. குளிர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்த வழி இது, கற்பனை இல்லை. இந்த நிலத்தடிப் பாதை 1962இல் பிளாஸ் வில் மரி என்ற கோபுரக் கட்டடத்தைக் கட்டியபோது தொடங்கியது, இன்று 32 கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. இதையெல்லாம் எதற்குக் கட்டினார்கள்? குளிரில் நடக்காமல் இருக்கத்தானே?

மொன்றியல்_மாமா:
பாதை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? பூட்ஸ் வேண்டாம் என்றீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் திட்டத்தையே எடுப்போம். சனி காலை செயின்ட் வியாட்டர் கடையில் பேகல் எனும் வளைய ரொட்டி. மதியம் ஷ்வார்ட்ஸ் கடையில் ஸ்மோக்ட் மீட். பிறகு நோத்ர் டாம் பசிலிக்கா தேவாலயம். நேரம் இருந்தால் மவுண்ட் றோயல் மலை. இதில் எது நிலத்துக்கு அடியில் இருக்கிறது? பேகல் கடைக்கு மெட்ரோவிலிருந்து வெளியே வந்து நன்றாகவே நடக்க வேண்டும். ஷ்வார்ட்ஸ் 1928இலிருந்து அதே செயின்ட் லாறன்ட் தெருவில் இருக்கிறது, சனிக்கிழமை வரிசை நடைபாதையில் நிற்கும். மலையில் ஏறிப் பார்க்கும் இடத்துக்கு யாரும் சுரங்கம் வெட்டவில்லை.

தெருமுனையில் என்ன நடக்கும் தெரியுமா? உப்புப் போட்டு உருகிய பனி பழுப்பு நிறத்தில் ஓரமாகத் தேங்கி நிற்கும். பார்த்தால் கெட்டித் தரை மாதிரி இருக்கும். காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும், சாக்ஸ் நனையும். அதோடு ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்து பாருங்கள்.

காவேரிக்கரை:
நான் பேசியது ஸ்டேஷனிலிருந்து அரங்கம் வரை. நீங்கள் பேகலுக்கும் மலைக்கும் போகிறீர்கள்.

மொன்றியல்_மாமா:
உங்கள் திட்டத்தில் இருக்கும் பேகல்தான், நான் கொண்டுவந்தது இல்லை.

கிங்ஸ்டன்_ரோட்:
மாமாவுக்கு வணக்கம். நான் ரொறன்ரோ, ஸ்காபரோ பக்கம். காவேரிக்கரை அண்ணை சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு ஆட்டம் என்றால் 20 நிமிடமாக மூன்று பீரியட், நடுவில் இரண்டு இடைவேளை, எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம். மேல் அடுக்கில் 21,000 சனத்தின் மூச்சுச் சூட்டில் கனத்த பூட்ஸோடு இருந்தால் கால் வியர்க்கும். பூட்ஸைக் கழற்றி வைக்கவும் இடமில்லை, பெரிய பையை உள்ளே விடவும் மாட்டார்கள். ஹாக்கி அரங்கம் என்றதும் உள்ளேயும் உறையும் என்று நினைப்பது ஹாக்கி பார்க்காதவர்களின் கதை.

மொன்றியல்_மாமா:
தம்பி, நீர் ரொறன்ரோ அணியான லீஃப்ஸின் ஆள்தானே? பெயரைப் பார்த்தாலே தெரிகிறது. 1967க்குப் பிறகு கோப்பையைக் கையால் தொடாதவர்கள் ஹாக்கி அரங்கம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தரவா வந்தீர்? எங்களிடம் 24 ஸ்டான்லி கோப்பை இருக்கிறது. நான் அந்த அரங்கில் பூட்ஸோடுதான் உட்காருவேன், ஒருநாளும் கால் வியர்த்ததில்லை. நல்ல பூட்ஸ் வாங்கினால் வியர்க்காது.

கிங்ஸ்டன்_ரோட்:
1967இல் நாங்கள் யாரைத் தோற்கடித்து வென்றோம் என்பதையும் எழுதுங்கோ மாமா. உங்களைத்தான், ஆறு ஆட்டத்தில்! உங்கள் 24இல் ஒன்று 1916இல் கிடைத்தது. அப்போது என்எச்எல் என்ற லீக்கே பிறக்கவில்லை, அது 1917இல்தான் வந்தது. லீக் தொடங்குமுன் வாங்கியதையும் சேர்த்து எண்ணிக்கொண்டு பெருமை பேசுகிறீர்கள்.

மொன்றியல்_மாமா:
ஸ்டான்லி கோப்பை லீக்கை விட மூத்தது. அதைத் தெரிந்துகொண்டு எழுதும். உங்கள் 13 கோப்பையில் இரண்டு, லீஃப்ஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில், அரீனாஸ் என்றும் செயின்ட் பாட்ரிக்ஸ் என்றும் இருந்தபோது வந்தவை. நாங்கள் 1909 முதல் இன்றுவரை ஒரே பெயர், கனேடியன்ஸ். 1993இல் பிளேஆஃப் எனும் கடைசிக் கட்டத்தில் தொடர்ந்து பத்து ஓவர்டைம் ஆட்டங்களை வென்று கோப்பை எடுத்தோம், எங்கள் கோல்கீப்பர் பட்ரிக் ருவா கோல் கம்பத்தில் மதில் கட்டினது போல நின்றார். அதெல்லாம் வேண்டாம், 2021 மறந்துவிட்டதா? முதல் சுற்றில் எங்களுக்கு எதிராக மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் நின்றீர்கள். பிறகு என்ன ஆனது? நாங்கள்தானே வென்றோம்.

பேச்சு அதுவல்ல. பூட்ஸ் வேண்டாம் என்று எழுதியது தவறு. அந்த வரியை எடுங்கள்.

முதல்பனி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர், வாட்டர்லூவில் படிக்கிறோம், கனடாவில் முதல் குளிர்காலம். பிப்ரவரியில் மொன்றியல் போய் ஒரு ஹாக்கி ஆட்டமும் பார்க்க ஆசை. ரயிலா, காரா? டிக்கெட் மலிவாக எப்படிக் கிடைக்கும்?

ரிடோ_ராணி:
ஏன் எல்லோரும் மொன்றியலையே பிடித்துத் தொங்குகிறீர்கள்? முதல் குளிர்காலம் என்றால் ஓட்டவாவுக்கு வாருங்கள். உறைந்த ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீட்டர் ஸ்கேட் செய்யலாம், காசு கிடையாது. பிப்ரவரியில் விண்டர்லூட் திருவிழா, பனிச் சிற்பம், பனிச்சறுக்கு எல்லாம் உண்டு. கரையில் நின்று சூடாக பீவர்டெயில் எனும் பொரித்த இனிப்புப் பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பார்லிமென்ட் பக்கம் போகலாம். சுரங்கத்துக்குள் மால் மாலாக நடப்பதற்கு எதற்கு ஐந்து மணி நேரம் ரயிலில் போக வேண்டும்? அதை ரொறன்ரோவிலேயே செய்யலாமே, அங்கேயும் நிலத்தடிப் பாதை இருக்கிறது.

மொன்றியல்_மாமா:
தங்கச்சி, 2022-23 குளிர்காலத்தில் அந்தக் கால்வாய் ஒரு நாளாவது திறந்ததா? இல்லை. பனிக்கட்டி போதாது என்று கடைசிவரை மூடியே கிடந்தது. அடுத்த வருடமும் சில நாட்கள்தான். அதை நம்பி ஐந்து பிள்ளைகள் டிக்கெட் எடுப்பதா? ஹாக்கி பார்க்கவென்றால் இன்னும் கஷ்டம். உங்கள் அரங்கம் நகரத்திலேயே இல்லை, கனாட்டாவில் நெடுஞ்சாலை ஓரம் 20 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. ஆட்டம் முடிந்து அத்தனை சனத்தோடு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். எங்கே? வெளியில். எதோடு? பூட்ஸோடு.

ரிடோ_ராணி:
1970-71 குளிர்காலத்திலிருந்து திறக்கிற கால்வாய் அது, அண்ணா. ஒரு மோசமான வருடத்தை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுகிறீர்கள். நானும் பூட்ஸ் வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் அதற்காக உங்கள் கட்சி இல்லை. இப்படி அதட்டிப் பேசுகிறவர்கள் ஊருக்கு யார் வருவார்கள்?

மொன்றியல்_மாமா:
பாருங்கள், ஓட்டவாவிலும் பூட்ஸ் வேண்டுமாம். காவேரிக்கரை இப்போது என்ன சொல்கிறார்?

காவேரிக்கரை:
அதையேதான் சொல்கிறேன். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பெல் சென்டருக்கு பூட்ஸ் தேவையில்லை. ஸ்டேஷனுக்கு மேலேயே ஹோட்டல் இருக்கிறது, லிஃப்டில் இறங்கினால் நிலத்தடி. காலையில் சாப்பாடு நிலத்தடியில். மெட்ரோ முழுக்க நிலத்தடியில், 1966இல் திறந்த நாளிலிருந்து ரப்பர் சக்கரத்தில் ஓடுகிறது, பனியைப் பார்க்காத ரயில். பழைய மொன்றியலின் விளிம்பு வரை சுரங்கத்திலேயே போகலாம். அதற்கு மேல் பசிலிக்கா கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்காக இரண்டு கிலோ பூட்ஸைச் சுமக்கச் சொல்வது உங்கள் பிடிவாதம்.

மொன்றியல்_மாமா:
கொஞ்ச தூரம் என்று சொல்லிவிட்டார்! சுரங்கம் முடிகிற இடத்திலிருந்து பசிலிக்காவுக்குப் போகிற தெரு சரிவு. முதல் நாள் உருகிய தண்ணீர் இரவில் உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும், மேலே புதுப் பனி மாவு போட்டு மூடியிருக்கும். ஸ்னீக்கரின் அடிப்பாகம் குளிரில் இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். அதோடு அந்தச் சரிவில் இறங்கினால் மணிக்கட்டுத்தான் உடையும், கைதானே முதலில் ஊன்றும். வெளி மாகாணத்தில் படிக்க வந்த பிள்ளைகள் கியூபெக் ஆஸ்பத்திரியில் எந்த மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டும்? இதையெல்லாம் யோசித்தா எழுதினீர்கள்?

இன்னொன்று. சுரங்கம் என்பது ஒரே ஆள் கட்டிய ஒரே பாதை இல்லை. ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொருவருடையது, கதவு பூட்டும் நேரமும் வேறு வேறு. மாலையில் நடந்த வழி ஆட்டம் முடிந்து ராத்திரி திரும்பும்போது அப்படியே திறந்திருக்கும் என்று எழுதித் தருவீர்களா?

கிங்ஸ்டன்_ரோட்:
மெட்ரோ நடு இரவு தாண்டியும் ஓடும் மாமா. பெல் சென்டரிலிருந்து லூசியன் லாலியே ஸ்டேஷனுக்கு உள்ளேயே இறங்கலாம். சும்மா பயம் காட்டாதீர்கள்.

முதல்பனி தம்பி, மொன்றியலுக்குக் காரில் போக வேண்டாம். கியூபெக்கில் குளிர்கால டயர் கட்டாயம், இல்லாவிட்டால் தண்டம்.

மொன்றியல்_மாமா:
தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதுவதே இந்த ரொறன்ரோக்காரருக்குப் பழக்கம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என்ற அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு. ஒன்டாரியோ பிளேட்டோடு வருபவரை அது கட்டாது. போடுவது புத்தி, ஆனால் சட்டம் அதுவல்ல.

காரில் வந்தால் வேறு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, மொன்றியல் தீவில் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக் கூடாது. ரொறன்ரோவில் செய்கிற மாதிரி செய்தால் போலீஸ் நிறுத்தும். இரண்டாவது, பனி அள்ளும் நாள். தெருவோரம் ஆரஞ்சு நிறத் தற்காலிகப் பலகை வைப்பார்கள். அள்ளுவதற்குச் சற்று முன் இழுவை வண்டி சைரன் ஊதிக்கொண்டு தெருத்தெருவாக வரும். அந்தச் சத்தம் கேட்டதும் ஊரே பைஜாமாவோடு ஓடிவந்து காரை எடுக்கும். எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டுபோய் வேறு தெருவில் விட்டுவிடுவார்கள், பிறகு தெருத்தெருவாகத் தேட வேண்டும். அதுவும் ஸ்னீக்கரோடு.

கிங்ஸ்டன்_ரோட்:
டயர் கட்டாயம் என்று சொன்னால் கட்டாயம்தான். அங்கே வசிக்கிற என் மச்சான் ஒவ்வொரு நவம்பரிலும் மாற்றுகிறான்.

மொன்றியல்_மாமா:
உமது மச்சானின் வண்டியில் எந்த மாகாணத்துப் பிளேட் என்று கேட்டுவிட்டு வாரும்.

ரிடோ_ராணி:
முதல்பனி கேட்ட டிக்கெட் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, கோப்பையை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தம்பி, சனிக்கிழமை இரவு பெல் சென்டரில், அதுவும் லீஃப்ஸ் வருகிற நாளில், மாணவர்களால் தாங்க முடியாத விலை. பெண்கள் ஹாக்கி பாருங்கள். மொன்றியல் விக்ட்வார் அணி பக்கத்து நகரமான லவாலில் பிளாஸ் பெல் அரங்கில் ஆடுகிறது. மெட்ரோவின் ஆரஞ்சு தடத்தின் கடைசி நிறுத்தமான மோன்மோரன்சியில் இறங்கினால் பக்கத்திலேயே அரங்கம். விலையும் குறைவு, பனித்தளத்துக்கு நெருக்கமாக உட்காரலாம், பக் எனும் ரப்பர் வட்டு ஓரப் பலகையில் மோதுகிற சத்தம் நெஞ்சில் கேட்கும். 2024 ஏப்ரலில் இதே பெண்கள் லீக்கின் மொன்றியல்-ரொறன்ரோ ஆட்டத்துக்கு பெல் சென்டரின் 21,105 இருக்கையும் நிறைந்தது. அன்றைக்குப் பெண்கள் ஹாக்கியில் உலகச் சாதனை அது.

கிங்ஸ்டன்_ரோட்:
பெண்கள் லீக்கில் உடம்பால் மோதுவதே இல்லை என்றார்களே?

ரிடோ_ராணி:
யார் சொன்னது? உங்கள் மச்சானா? ஒரு ஆட்டம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பலகையோரம் எப்படி இடித்துத் தள்ளுகிறார்கள் என்று தெரியும்.

காவேரிக்கரை:
பார்த்தீர்களா, லவால் அரங்கமும் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. ஹோட்டலிலிருந்து ரயில், ரயிலிலிருந்து அரங்கம். என் வரி அப்படியே நிற்கிறது, எடுக்க மாட்டேன்.

மொன்றியல்_மாமா:
பக்கத்தில் என்றால் உள்ளே என்று அர்த்தமா? கதவைத் திறந்து வெளியே வந்துதான் போக வேண்டும். பிப்ரவரியில் அந்த வெட்டவெளியில் அடிக்கிற காற்று காதைப் பிய்க்கும். முதல்பனி தம்பி, நல்ல பூட்ஸ் வாங்கிக்கொண்டு வாரும். வாங்கக் காசில்லை என்றால் இங்கே எழுதும், என் பிள்ளைகள் வளர்ந்து விட்டுப்போன சோடிகள் நிலவறையில் கிடக்கின்றன, ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து தருவேன். காவேரிக்கரை அந்த வரியை எடுக்கும்வரை நான் தினமும் இங்கே எழுதுவேன்.

முதல்பனி:
நன்றி மாமா, நன்றி அக்கா. நாங்கள் பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறோம். எனக்கு சைஸ் 9. ரயிலா காரா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

கிங்ஸ்டன்_ரோட்:
மச்சானைக் கேட்டேன். அவனும் டயர் கட்டாயம் என்றுதான் சொல்கிறான். அத்தோடு 1993 கதையை எத்தனை வருடத்துக்கு ஓட்டுவீர்கள் என்று உங்களைக் கேட்கச் சொன்னான்.

மொன்றியல்_மாமா:
கியூபெக் பிளேட்டா, ஒன்டாரியோ பிளேட்டா? அதைச் சொல்லும் முதலில்.