நட்டுகளைக் கழற்றியும் ஹெட் அசையவில்லை: பழைய டிராக்டர் எஞ்சினைப் பிரிக்க ஆலோசனை தேவை

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்ற ஒரு டிராக்டரின் 4 சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். மூடப்படாத புகைக்குழாய் வழியே மழைநீர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் சிறிதும் சுற்றவில்லை. என்னிடம் சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், சம்மட்டி, செயின் பிளாக் ஆகியவை மட்டுமே உள்ளன. தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாஃப்ட்டையும், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் நட்டுகளையும் எடுத்த பின்னரும் ஹெட் அசையவில்லை. இடுக்கில் உளியை வைத்து அடிக்கலாமா? இறுகிய பிஸ்டன்களை உடைக்காமல் எடுக்க முடியுமா?

மறுமொழி 1

உளியைத் தயவுசெய்து தொடாதீர்கள். வார்ப்பிரும்பின் முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் ஹெட்டுக்கு அடியில் வைக்கும் புதிய கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) அந்த இடத்தில் கசியும். இவ்வளவு காலம் நனைந்த எஞ்சினில் ஹெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஸ்டட்டுக்கும் (நட்டு ஏறும் மரைத்தண்டு) ஹெட் துளைக்கும் இடையே உப்பிய துருதான். ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் ஊற்றி வாருங்கள். பிறகு ஸ்டட்டில் இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பேனரைப் போட்டு இடப்புறமாகத் திருப்பினால் ஸ்டட்டே கழன்று வரும். அதற்கும் முன்பு, எல்லா நட்டுகளும் வந்துவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். நானே ஒருமுறை ஒன்றை விட்டுவிட்டு அரை நாள் சம்மட்டி அடித்திருக்கிறேன்.

மறுமொழி 2

பிஸ்டனைப் பற்றிச் சொல்கிறேன். தண்ணீர் வெளிச்சுவரில் நேரடியாகப் படும் தனி லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழல்) உள்ள எஞ்சினாக இருந்தால், லைனருக்குள் பிஸ்டனோடு போராட வேண்டியதில்லை. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மூடியை எடுத்து, லைனரின் அடிவிளிம்பில் கெட்டியான மரக்கட்டையை வைத்து, கிராங்க்கின் இருபுறமும் மாறி மாறித் தட்டினால், லைனரும் பிஸ்டனும் ஒன்றாகவே மேலே வந்துவிடும். பிறகு மேசையில் வைத்து நிதானமாகப் பிரிக்கலாம். ராடு போல்ட்டுகளுக்குத் துணி சுற்றத் தவறாதீர்கள், இல்லையேல் கிராங்க் ஜர்னல் (ராடு பற்றியிருக்கும் வழவழப்பான பகுதி) கீறிவிடும்.

மறுமொழி 3

மேற்சொன்னதோடு ஒன்று. ராடிலும் அதன் மூடியிலும் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று துடைத்துப் பாருங்கள்; இல்லையெனில், கழற்றுவதற்கு முன்பே ஒரே பக்கத்தில் புள்ளி குத்திவிடுங்கள். ஒரு ராடின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. ராக்கர்களைத் தள்ளும் புஷ் ராடுகளை அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகி வையுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. புதிய கேஸ்கெட்டில் உள்ள ஸ்டட் துளைகளை எண்ணினேன். கழற்றிய நட்டுகளைவிட ஒன்று அதிகம்! இன்ஜெக்டருக்கு அருகில், கரியும் கிரீஸும் அடைத்த குழிக்குள் அந்த நட்டு ஒளிந்திருந்தது. அதை எடுத்து, எண்ணெய் ஊற்றி மூன்றாம் நாள் செயின் பிளாக்கால் மெல்ல இழுத்தபோது, ஹெட் கிறீச்சென்ற ஓசையுடன் எழும்பியது. இரண்டாம் சிலிண்டரின் லைனர் பிஸ்டனோடு வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது.