‘ஏல்’ ஒளிந்திருக்கும் பெயர்களுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

எபிரேயப் பெயர்கள் பற்றிய பாடம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எபிரேயத்தில் ‘ஏல்’ என்றால் கடவுள், ‘யாவே’ என்பது இஸ்ரயேலர் கடவுளின் பெயர். தானியேல் என்றால் ‘கடவுள் என் நடுவர்’, யோனத்தான் என்றால் ‘யாவே தந்தார்’. இப்படிக் கடவுளின் பெயரையே உள்ளே வைத்திருக்கும் பெயர்களை என்னவென்று சொல்வது? ஆங்கிலத்தில் வழங்கும் ‘theophoric’ என்ற கிரேக்க வழிச்சொல்லுக்குக் ‘கடவுளைச் சுமப்பது’ என்று பொருள். ‘இறைதாங்கு பெயர்’ சரிவருமா? மாணவர்கள் சாமுவேலில் முருகனின் வேலைத் தேடுகிறார்கள். அதையும் விளக்கியாக வேண்டும்.

---

அம்மா,

வேலுக்கு நன்னூலே விடை சொல்லும். ‘இ ஈ ஐ வழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும்’. தானி+ஏல் தானியேல், சாமு+ஏல் சாமுவேல், மிகா+ஏல் மிகாவேல். எபிரேயத்தில் அந்த வகரமே கிடையாது. அப்புறம், ஏல் என்பது நம் ‘எல்’தான் என்று உறுதியாக நம்புகிறேன். தொல்காப்பியம் ‘எல்லே இலக்கம்’ என்கிறது, அதாவது எல் என்றால் ஒளி. ஒளிதானே கடவுள்? ‘எல்லுறு பெயர்’ என்று வையுங்கள்.

---

ஐயா,

உடம்படுமெய்யை ஏற்கிறேன், ‘எல்’ என்பதை ஏற்க முடியவில்லை. அக்காதியத்தில் இலு, உகாரித்தில் இல், அரபியில் இலாஹ் என்று செமித்தியக் குடும்பத்துக்குள்ளேயே அதற்கு உறவுகள் இருக்கின்றன. ஓசை ஒத்துப்போவதை நம்பிக் கலைச்சொல் கட்டக்கூடாது. யோனத்தானில் ஏலும் இல்லையே! யாவேயின் சுருக்கமான ‘யோ’ முன்னால் நிற்கிறது. அதே ‘யா’ பின்னால் வந்தால் நெத்தானியா, ஏல் வந்தால் நாத்தான்வேல். மூன்றிலும் ‘தந்தார்’ என்ற ஒரே வினை. நாத்தான்வேலின் வகரம் மட்டும் நன்னூலுக்குள் அடங்காது, ‘நாத்தான்’ மெய்யீறு. சாமுவேலைப் பார்த்துப் போட்டிருப்பார்களோ?

---

இவ்வளவு இலக்கணம் எதற்கு? யோவானின் எபிரேய மூலத்துக்கு ‘யாவே அருளினார்’ என்று பொருள். நம் கத்தோலிக்க முன்னோர் அவரை ‘அருளப்பர்’ என்றார்கள், கேட்ட எல்லோருக்கும் புரிந்தது. ‘கடவுள் பெயர் சேர்ந்த பெயர்’ என்றே எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும்.

---

விளங்கும். ஆனால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. அட்டவணைத் தலைப்பில் நான்கு சொல்லை எப்படி அடைப்பது? இன்னொன்று: விவிலியத்தில் சவுல் அரசரின் மகன் ஓரிடத்தில் எஸ்பால், வேறிடத்தில் இஸ்போசேத். எஸ்பாலின் ‘பால்’ பாகால் என்ற கானானியத் தெய்வம்; அதன் பெயர் ஒலிக்க வேண்டாம் என்று ‘வெட்கம்’ எனப் பொருள்படும் ‘போசேத்’ என்ற சொல்லை அங்கே வைத்துவிட்டார்கள். நம் சொல் அந்தப் பாகாலுக்கும் பொருந்த வேண்டும். ‘தெய்வந்தாங்கு பெயர்’ என்பதே பொது.

---

எல்லோருக்கும் நன்றி. நால்வர் ‘இறைதாங்கு பெயர்’ போதும் என்று தனிமடலில் சொன்னார்கள். நேரமில்லை, அதுவே அச்சுக்குப் போகிறது. முதல் முறை வரும் இடத்தில் ‘கடவுள் பெயர் சேர்ந்த பெயர்’ என்ற விளக்கத்தையும் சேர்த்துவிட்டேன்.

---

அம்மா, அச்சுக்குப் போகுமுன் ஒன்று. தாவீதைக் கண்டித்த நாத்தான் வெறும் ‘தந்தார்’. தந்தவர் பெயர் அதில் இல்லை. அவரை எந்த அட்டவணையில் வைத்தீர்கள்?