கொல்லையில ஷவர்: குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

காலை 7:40

கவிதா: (படம்) கொல்லையில துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு ஷவர் போடலாம்னு இருக்கோம். பீச்சுலேர்ந்து வந்தா மணலோட வீட்டுக்குள்ள நுழைய வேண்டாம். இந்த 12 இஞ்ச் ரெயின் ஷவர் வாங்கிடவா சித்தப்பா?

முருகன்: இப்ப வாங்காதம்மா. மாடி டேங்கோட அடி, தரையிலேர்ந்து எத்தனை அடி உயரம்?

கவிதா: மாடி 11, ஸ்டாண்டு 4. மொத்தம் 15 அடி.

முருகன்: ஷவர் 7 அடியில நிக்கும். மிச்சம் 8 அடி. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் பிரஷர். 8 அடிக்கு கால் பார்கூட வராது. 12 இஞ்ச் தட்டுல நூத்துக்கணக்குல ஓட்டை. அவ்வளவு ஓட்டைக்கும் பிரிஞ்சா எதுலயும் வேகம் இருக்காது. தண்ணி தட்டோட அடியில ஒட்டிக்கிட்டே ஓடி, தாழ்ந்த பக்கமா ஒரே இடத்துல ஒழுகும்.

முருகன்: ஒரு வேலை பண்ணு. கொல்லைக் குழாய்ல ஓஸை மாட்டி, நுனியை 7 அடி உயரத்துல பிடிச்சு 15 லிட்டர் வாளியில விடு. எத்தனை நிமிஷத்துல நிரம்புதுன்னு பார்த்துச் சொல்லு. வாளியைக் கீழ வச்சிடு, ஓஸ் நுனியை மட்டும் இறக்காதே.

பாலு: ஷவரை விடு. அந்தத் தண்ணி எங்க போகப் போகுது? முதல்ல அதைச் சொல்லு கவிதா.

கவிதா: மழைநீர் சேகரிப்புக் குழி பக்கத்துலதான் இருக்கு மாமா. அதுல விட்டுடலாம்னு நினைச்சேன்.

பாலு: கூடவே கூடாது. அது நேரா நிலத்தடிக்குப் போற குழி. உங்க பக்கம் மணல். சோப்புத் தண்ணி வடிகட்டாம உங்க கிணத்துக்கும் பக்கத்து வீட்டுக் கிணத்துக்கும் போயிடும். செப்டிக் டேங்க்லயும் விடாதே. தண்ணி அதிகமாப் போனா கழிவு உள்ள தங்குற நேரம் குறையும், பாதி மட்கினது வெளியே வந்துடும்.

செல்வி: கல்வாழைப் பாத்தி போடு. ஒரு குளியலுக்கு 40 லிட்டர்னு வச்சாலும் நாலு பேருக்கு 160 லிட்டர். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம் வெட்டு. அடியில ஒரு அடிக்கு 40 மி.மீ. ஜல்லி, மேல அரை அடிக்கு 20 மி.மீ., அதுக்கு மேல அரை அடி ஆத்து மணல். கல்வாழையை ஒரு அடிக்கு ஒண்ணா நடு. அந்தக் கடைசியில ஒரு வாழை வைக்கலாம்.

செல்வி: பாத்திக்கு முன்னாடி ஒரு அடிக்கு ஒரு அடி தொட்டி கட்டாயம் வேணும். தலைமுடியும் சோப்பு ஆடையும் அதுல தங்கணும். அதை வாரம் ஒருதரம் அள்ளலேன்னா ரெண்டு மாசத்துல மணல் அடைச்சு மேல தண்ணி நிக்கும், கொசு வந்துடும். அப்படி நின்னா மேல் மணல் 2 இஞ்ச் சுரண்டி எடுத்துட்டுப் புது மணல் போடணும். அங்க துணி துவைக்காதே, சலவைத்தூள் உப்பு செடிக்கு ஆகாது.

கவிதா: தெருவுல பாதாளச் சாக்கடை இருக்கே அத்தை, அதுல விட்டா?

பாலு: விடலாம், ஆனா கொல்லை மழைத்தண்ணி அதுக்குள்ள போகவே கூடாது. ஐப்பசி மழையில சாக்கடைத் தொட்டி, அதான் சேம்பர், பொங்குறதே இதனாலதான். ஷவர் தரையைச் சுத்தி வரப்பு மாதிரி 3 இஞ்ச் உயரத்துக்குக் கட்டை கட்டு. 4க்கு 4 அடி தரைன்னா ஒன்றரை சதுர மீட்டர், 50 மி.மீ. மழை பெஞ்சாலும் 75 லிட்டர்தான். கட்டை இல்லேன்னா மொத்தக் கொல்லையும் அதுலதான் வடியும். கல்வாழைக்கு இடம் இருக்குல்ல, செல்வி சொல்றதே நல்லது.

காலை 9:15

பாலு: தரை வேலையைக் கொத்தனார்கிட்ட இப்படிச் சொல்லு. மண்ணை நனைச்சு திம்ஸு போடணும், அதாவது இடிச்சு இறுக்கணும். மேல 4 இஞ்ச் கான்கிரீட், சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8. அதுக்கு மேல வாட்டம். அடிக்குக் கால் இஞ்ச், அதாவது 4 அடிக்கு 1 இஞ்ச் இறக்கம். வழவழ டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான கடப்பாக் கல் போடு. கல்லை ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு குடம் ஊத்திப் பாரு. எங்கயாவது காசு அளவுக்குத் தேங்கினாக்கூட அந்த இடத்தைத் திரும்பப் பூசச் சொல்லு. கல்லு ஒட்டின பிறகு சரிபண்ணவே முடியாது.

பாலு: ஷவர் மாட்டுற சுவருக்குப் பின்னாடி என்ன ரூம்?

கவிதா: ஸ்டோர் ரூம்.

பாலு: அப்போ 7 அடி உயரம் வரைக்கும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் ரெண்டு கை. சுவரும் தரையும் சேர்ற மூலையை உருண்டையாப் பூசணும், ஈரம் ஏறுறது அங்கதான். வடிகாலுக்கு 4 இஞ்ச் நஹானி டிராப், அதுல தேங்கி நிக்கிற தண்ணிதான் நாத்தத்தை மறிக்கும். ஊருக்குப் போய் ரெண்டு வாரம் கழிச்சு வந்தா டிராப்ல தண்ணி காஞ்சிருக்கும், நாத்தமும் கரப்பானும் ஏறும். ஒரு சொம்பு ஊத்தினாப் போதும்.

முருகன்: பைப்புக்கு வர்றேன். டேங்க்ல தனி அவுட்லெட் எடு, இல்லேன்னா சமையலறைக் குழாயைத் திறந்ததும் ஷவர் படுத்துடும். டேங்க்லேர்ந்து 1 இஞ்ச், சுவர்ல முக்கால், கடைசி ஒன்றரை அடி மட்டும் அரை இஞ்ச். எல்போவை, அதான் 90 டிகிரி திருப்பத்தை, குறை. திரும்புற இடத்துல ரெண்டு 45 டிகிரி பெண்டு போட்டா வேகம் அவ்வளவு போகாது.

முருகன்: பைப்பை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு (பாரபெட்) மேல ஏத்தி இறக்கவே கூடாது. அந்த மேட்டுல காத்து அடைச்சுக்கும், டேங்க் நிறைய இருந்தும் தண்ணி வராது. சுவர்ல துளை போட்டுக் கீழ்நோக்கியே கொண்டு வரச் சொல்லு.

கவிதா: சோலார் சுடுதண்ணியும் வேணும்னா?

முருகன்: அப்போ சூடு தாங்குற சி.பி.வி.சி. பைப் போடணும். பச்சைத் தண்ணி மட்டும்னா யு.பி.வி.சி. பைப் போதும். ரெண்டுக்கும் ஒட்டுற சொல்யூஷன் வேற வேற, ஒண்ணுக்கு இன்னொண்ணைத் தடவினா ஜாயிண்ட் பின்னாடி விட்டுடும். வெட்டின விளிம்புல பிசிரை எடுத்து, துடைச்சு, பைப்புலயும் சாக்கெட்லயும் தடவி, உள்ள தள்ளிக் கால் சுத்துத் திருப்பி அரை நிமிஷம் அப்படியே அழுத்திப் பிடிக்கணும். உடனே கையை எடுத்தா பைப் தானா வெளிய நகரும். வாய் முழுக்கச் சொல்யூஷன் மெல்லிய வளையமா பிதுங்கி நிக்கணும். வளையம் விட்டுப்போன இடம்தான் கசியும். ஒரு நாள் கழிச்சுத்தான் தண்ணி திறக்கணும்.

முருகன்: ஷவர் ஆர்ம் மாட்டுற இடத்துல பிராஸ் எல்போதான். பிளாஸ்டிக் மரை முறுக்குறப்பவே விரிஞ்சிடும். வெயில் படுற பைப்புக்கு எமல்ஷன் ரெண்டு கை அடி, ஆயில் பெயிண்ட் வேண்டாம். 3 அடிக்கு ஒரு கிளாம்பு.

செல்வி: கடல் காத்துக்கு எது தாங்கும்?

முருகன்: 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே பழுப்புப் படரும் அக்கா. 316 நல்லது. இல்லேன்னா குரோம் பூசின கனமான பித்தளை. கையில எடுத்தா லேசா இருக்கிற மலிவு குழாய் உப்புக் காத்துல பொரிஞ்சிடும்.

மாலை 5:20

கவிதா: வாளி 1 நிமிஷம் 40 செகண்டுல நிரம்புச்சு சித்தப்பா.

முருகன்: நிமிஷத்துக்கு 9 லிட்டர். சின்ன ஷவருக்கு இது போதும், பிரஷர் கூட்டுற பம்பு வேண்டாம். 4 இஞ்ச் ஷவர் வாங்கு, ரப்பர் நாசில் இருக்கிறது. உப்பு படிஞ்சா விரலால தேய்ச்சாலே உதிரும். ஷவரோட கழுத்துல தண்ணியைக் குறைக்கிற சின்ன பிளாஸ்டிக் வில்லை இருந்தா எடுத்துடு. கால் கழுவ ரெண்டடி உயரத்துல ஒரு குழாயும் சேர்த்துப் போட்டுக்கோ, மணலுக்கு அதுதான் அதிகம் தேவைப்படும்.

கவிதா: சரி சித்தப்பா. திங்கட்கிழமை கொத்தனார் வர்றார். வாட்டம் போட்டதும் தண்ணி ஊத்தி வீடியோ அனுப்புறேன் மாமா.

பாலு: டிராப் பக்கத்துலேர்ந்து எடும்மா, நாலு மூலையும் தெரியணும்.