‘உதிர்வு’ ஒட்டவில்லை, ‘ஊறல்’ என்று வைக்கலாமா?

அண்ணாச்சி, வணக்கம்.

ஹெர்பெஸ் என்ற குடும்பத்து வைரஸ்கள் உமிழ்நீரில் வெளிப்படுவதற்கு நீங்கள் தந்த ‘வைரஸ் உதிர்வு’ என்ற சொல்லை ஒரு வாரமாக, எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான நம் துண்டறிக்கையில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நம் பேச்சில் உதிர்வது பழுத்த இலை, முடி, சுவர்க் காரை. உதிர்ந்தால் அதோடு முடிந்தது. வாயில் வருவதோ தொற்றக்கூடிய வைரஸ்.

‘உமிழ்வு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உமிழ்நீரோடு ஓசை பொருந்துகிறது. ஆனால் உமிழ ஓர் ஆள் வேண்டும். ‘எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் வைரஸை உமிழ்கிறார்கள்’ என்ற வரியை வாசித்துக் காட்டியபோது, வள்ளியூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் கையிலிருந்த டீ கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தார். ‘அப்போ நான் குடிச்ச தம்ளர்ல பேத்தி குடிக்கக் கூடாதா தம்பி?’ என்றார். எச்.ஐ.வி. எச்சிலால் பரவாது என்பது அவருக்குப் பல வருடமாகத் தெரியும். ஒரு வினைச்சொல் அதைக் கலைத்துவிட்டது. ஹெர்பெஸ் வகை வைரஸ்கள் எச்சிலில் பரவும்தான். ஆனால் அவற்றில் பலவும் நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து உடம்பில் தங்கிவிட்டவை. எச்.ஐ.வி. இல்லாதவர் வாயிலும் அவை அவ்வப்போது தலைகாட்டும்.

என் பரிந்துரை ‘வைரஸ் ஊறல்’. கோடையில் நம்பியாற்று மணலைத் தோண்டிச் சிரட்டையால் இறைத்தவர்களுக்குத் தெரியும். மேலே காய்ந்து கிடக்கும், அடியில் ஈரம் இருக்கும். ஒரு நாள் ஊறும், ஒரு நாள் ஊறாது. இந்த வைரஸ்களும் அப்படித்தான். வாய்ப்புண் தரும் முதலாம் வகை ஹெர்பெஸ் முகத்து நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, விழிக்கும்போது நரம்பு வழியே வாய்க்கு வருகிறது. புண் எதுவும் இல்லாமலே வரும். சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைந்தால் பொதுவாக அடிக்கடி வரும். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடர்ந்து எடுத்தால் எதிர்ப்பாற்றல் தேறும், ஆனாலும் ஊறுவது முழுக்க நின்றுவிடாது. 1994-இல் கண்டறியப்பட்ட எட்டாம் வகை ஹெர்பெஸ், கபோசி கட்டி என்ற புற்றுநோய்க்குக் காரணமானது, முக்கியமாக உமிழ்நீர் வழியாகவே பரவுகிறது.

இலக்கணமும் கைகொடுக்கிறது. ஊறுதல் தன்வினை. வைரஸ்தான் ஊறுகிறது, ஆள் எதுவும் செய்யவில்லை. பழி அவர்மேல் விழாது. கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: 30 நாள் உமிழ்நீர் எடுத்து, எத்தனை நாளில் வைரஸ் தென்பட்டது என்று பார்த்தால் அது ‘ஊறல் வீதம்’. புண் இல்லாமல் வந்தால் ‘அறிகுறியிலா ஊறல்’.

ஊறல் என்றாலே சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான், தனியாக நின்றால் வரும். ‘வைரஸ்’ முன்னால் நிற்கும்போது அந்த அக்காவுக்கு வரவில்லை, கேட்டுப் பார்த்தேன்.

வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘புண் இல்லாத நாளிலும் உமிழ்நீரில் ஹெர்பெஸ் வைரஸ் ஊறலாம். அது எச்.ஐ.வி. அல்ல.’ புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணாச்சி.