ஏலக்கூடத்துல ஒட்டுன 14416 நோட்டீசக் கிழிச்சது சரியா?

பாம்பன்_பய:
விசயத்த மொதல்ல சொல்லிர்றேன். எங்க ஊர்ல காலேஜ் படிக்கிற பயலுக, போட்டுக்கு போற பயலுக, கூட ரெண்டு மூணு புள்ளைக எல்லாம் சேந்து மீன் ஏலக்கூடத்து தூண்ல ஒரு நோட்டீஸ் ஒட்டுனோம், ஐஸ் வெல எழுதிப் போடுவாகள்ல அந்த போர்டுக்கு கீழ. "ராத்திரி தூக்கம் வரலையா, மனசு விட்டு பேச ஆள் இல்லையா, 14416க்கு போன் போடுங்க, காசு கெடயாது, தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க", இம்புட்டுதான். 2022ல கவர்மெண்ட் கொண்டாந்த நம்பர், நாங்க கண்டுபுடிச்சது இல்ல. சாயங்காலம் பாத்தா பேப்பர காணோம், பசை மட்டும் ஒட்டிக்கிட்டு கெடக்கு. சரின்னு ஊர்க்கூட்டத்துல போயி கேட்டோம், மீன்பிடி தடைக்காலத்துல எல்லாரும் கரையிலதான இருப்பாக, மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து டாக்டர் டீம ஒரு நாள் வரச் சொல்லலாமான்னு. "நம்ம ஊர்ல எவனுக்குடா கிறுக்கு புடிச்சிருக்கு"ன்னு ஒரு சிரிப்பு, அடுத்த நிமிசம் தெருவிளக்கு பிரச்சனைக்கு போயிட்டாக. நீங்க சொல்லுங்க.

சம்மாட்டி_மாமா:
தம்பி நான் உங்க ஊரு இல்ல, இருந்திருந்தா நானும் கிழிச்சிருப்பேன். ஏலக்கூடத்துக்கு யார் யாரு வாரான்னு தெரியும்ல, கேரளா யாவாரி வாரான், கம்பெனி ஆளு வாரான், வெளியூரு லாரிக்காரன் வாரான். ராம்நாட்டுக்காரன்னு சொன்னாலே "ஏர்வாடிக்கா?"ன்னு, மனசு சரியில்லாதவுகள கூட்டிட்டுப் போற தர்காவ வச்சு கேட்டு சிரிக்கிற சனம், இதுல நம்மளே தூண்ல எழுதி ஒட்டணுமா. நாளைக்கு ஒரு புள்ளைக்கு சம்பந்தம் பேச வாரவுக அந்த பேப்பர பாத்தா என்ன நெனப்பாக? ரெண்டாவது, கடலுக்கு போறவனுக்கு ஏன் தூக்கம் வரலன்னு எனக்கு தெரியும். இலங்கை நேவி புடிச்சிட்டுப் போன படகு அங்க யாழ்ப்பாணத்து மயிலிட்டியில மக்கிக்கிட்டு கெடக்கு, கடன் இங்க வட்டி போட்டுக்கிட்டு இருக்கு. போன்ல பேசுனா படகு வந்துருமா?

பாம்பன்_பய:
மாமா படகு வராது, நாங்க அப்டி சொல்லவும் இல்ல. ஆனா எல்லாத்தையும் கடன்லயே கொண்டு போயி முடிச்சிர்றீக. கடன் இல்லாத வீட்லயும் பிளஸ் டூ படிக்கிற புள்ள ரூமை விட்டு வெளிய வராம கெடக்கு. 2015-16ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி ஒரு சர்வே எடுத்தாக, 12 மாநிலத்துல, தமிழ்நாடும் அதுல உண்டு. பெரியவுகள்ல 100க்கு 10 பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை, அதுலயும் மனச்சோர்வு, பதட்டம் மாதிரி சாதாரணமா வர்றதுக்கு 100ல 85 பேரு வைத்தியமே பாக்கல. அப்ப உங்க ஊர்லயும் உண்டு எங்க ஊர்லயும் உண்டு, "எவனுக்குடா"ன்னு கேட்டவுக வீட்லயும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரி_அக்கா:
நான் இந்த கடக்கரையில ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேல பாக்குறேன், எந்த ஊருன்னு கேக்காதீங்க. எங்ககிட்ட "மனசு சரியில்ல"ன்னு சொல்லிக்கிட்டு யாருமே வரமாட்டாங்க. தலவலி, நெஞ்சு படபடப்பு, கைகால் குடைச்சல், இதான் வரும். பிபி சரியா இருக்கும் ஈசிஜி சரியா இருக்கும், அடுத்த வாரம் திரும்ப அதே தலவலி. கடல்பாசி எடுக்க போற ஒரு பொம்பள, ராம்நாடு பெரியாஸ்பத்திரியில குடுத்த மாத்திரை அட்டைய பேப்பர்ல சுத்தி அரிசிப் பானைக்குள்ள வச்சு எடுத்து சாப்பிட்டுச்சு, மாமியாருக்கு தெரியக்கூடாதுன்னு. ஒரு வாரம் சாப்பிட்டு ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திருச்சு. மனச்சோர்வு மாத்திரை வேல காட்டவே ரெண்டு மூணு வாரம் ஆகும், அத யாரும் அதுக்கு புரியும்படி சொல்லல, கேக்கவும் அதுக்கு பயம். தம்பி ஒட்டுன நோட்டீசு தப்பே இல்ல. ஆனா சம்மாட்டி அண்ணன் சொல்ற பயமும் சும்மா இல்ல, அந்த பொம்பள பானைக்குள்ள ஒளிச்சது அந்த பயத்துலதான்.

ஓலைக்குடா_மச்சான்:
அக்கா தப்பா நெனக்காதீங்க, இப்ப நீங்களே ஒரு பேசன்ட் கதைய பொதுவுல போட்டீங்க. இதான் என் பிரச்சனையே. எனக்கும் 22 வயசுதான், நானும் இந்த மாதிரி ஒரு குரூப்புல இருந்தேன், வெளிய வந்துட்டேன். டவுன்ல ஒரு நாள் டிரெய்னிங், சர்டிபிகேட்டு, டீசர்ட்டு, போட்டோ. திரும்பி வந்து "எங்ககிட்ட எத வேணாலும் பேசலாம்"னு ஸ்டேட்டஸ் வச்சாங்க. ஒரு புள்ள நம்பி பேசுச்சு, மறுநாள் அது வல பின்னுற கொட்டகை வரைக்கும் போயிருச்சு. யாரு சொன்னான்னு இன்னி வரைக்கும் தெரியாது, அந்த புள்ள படிப்ப நிறுத்திட்டு வெளியூர் சொந்தக்காரங்க வீட்டுக்கு போயிருச்சு. மாமா சொல்ற கௌரவம் கிவுரவம் எல்லாம் எனக்கு பொருட்டே இல்ல. முந்நூறு வீடு இருக்குற ஊர்ல ரகசியம்னு ஒண்ணு இருக்கா? அத சொல்லிட்டு அப்புறம் நோட்டீஸ் ஒட்டுங்க.

ஆஸ்பத்திரி_அக்கா:
நீங்க கேட்டது நியாயம். அது ஒரு ஆளோட கதை இல்ல, பல பேர் சொன்னத கலந்துதான் எழுதுனேன், யாரையும் அடையாளம் காண முடியாது. 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு, வைத்தியம் பாக்குறவங்க பேசன்ட் விவரத்த வெளிய சொல்லக்கூடாது. பசங்களுக்கு அந்த சட்டம் பொருந்துமா பொருந்தாதான்னு நாம பாத்துக்கிட்டு இருக்க வேணாம், வாய் இருந்தா காவலும் இருக்கணும்.

கீழக்கரை_காக்கா:
ஏர்வாடிய இழுத்துட்டீங்க, அதனால வந்தேன். 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலைல, அங்க ஒரு தனியார் காப்பகத்து கொட்டகையில தீ புடிச்சுது, சங்கிலில கட்டிக் கெடந்த 28 பேரு மவுத்தாகிட்டாங்க. ஓட முடியல, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த மாசமே அந்த மாதிரி காப்பகங்கள இழுத்து மூடி 500 பேருக்கு மேல கவர்மெண்ட் பொறுப்புல எடுத்தாங்க, சுப்ரீம் கோர்ட்டு தானா கேஸ எடுத்து எல்லா மாநிலத்தையும் கேள்வி கேட்டுச்சு. இப்ப சட்டத்துலயே சங்கிலி போடக்கூடாதுன்னு இருக்கு. ஆனா வெளியூர் ஆளுங்க "தர்காவுக்கு போறதாலதான் இப்டி"ன்னு ஒரே வரில முடிச்சிர்றாங்க. தர்காவுக்கு போறவங்க மடையங்க இல்ல. அந்த காலத்துல ஒரு உம்மா மகன கூட்டிக்கிட்டு வேற எங்க போகும், சொல்லுங்க? இப்ப அங்கயே துவாவும் தவாவும்னு, பிரார்த்தனை ஒரு பக்கம் மாத்திரை ஒரு பக்கம், கவர்மெண்ட் டாக்டரே பாக்குறாங்க. இளந்தாரிப் பிள்ளைங்க எடுத்த எடுப்புல நம்பிக்கைய கிண்டல் பண்ணிக்கிட்டு வந்தா ஜமாஅத்துல கதவ சாத்திருவாங்க. ஆலிம்சா கிட்ட, பங்குச்சாமி கிட்ட, கோயில் பூசாரி கிட்ட மொதல்ல போங்க.

பாம்பன்_பய:
காக்கா நாங்க யாரையும் கிண்டல் பண்ணல. ஆனா எல்லா பெரியவுககிட்டயும் உத்தரவு வாங்கிட்டுதான் பேசணும்னா எங்க தலைமுறையும் போயிரும். சின்ன வயசுலதான் இது ஆரம்பிக்குது, பாதிப் பேருக்கு 14 வயசுக்குள்ளயே தொடங்கிருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 14 வயசுப் பய யாருகிட்ட சொல்லுவான்? பங்குச்சாமிகிட்டயா? கூட கிரிக்கெட் வெளயாடுறவன்கிட்டதான் சொல்லுவான். மச்சான் சொன்னது உண்மைதான், ஆனா நாங்க வேணாம்னா கூட அவன் எங்ககிட்டதான் சொல்லப் போறான், அத எப்டி கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு கேக்குறது நல்லதா தெரியாம கேக்குறது நல்லதா?

ஓலைக்குடா_மச்சான்:
தெரிஞ்சுக்கிட்டுன்னா என்ன, ஒரு நாள் டிரெய்னிங்கா?

ஆஸ்பத்திரி_அக்கா:
ஒரு நாள்ல டாக்டர் ஆக முடியாது, ஆகவும் வேணாம். வைத்தியம் உங்க வேல இல்ல. குறுக்க பேசாம கேளுங்க, "இதுக்கெல்லாமா அழுவ, ஆம்பளையா இரு"ன்னு சொல்லாதீங்க, கூட ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸுல போயி வாங்க, கேட்டத வெளிய கொட்டாதீங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும் அந்த பூட்ட தெறக்கணும். வாழவே புடிக்கலன்னு ஒருத்தர் சொன்னா நேராவே கேளுங்க, "செத்துரலாம்னு தோணுதா"ன்னு. கேட்டா அந்த நெனப்பு புதுசா வந்துராது, இது பல பேருக்கு தெரியல, பயந்துகிட்டு பேச்ச மாத்திருவாங்க. ஆமான்னா தனியா விடாதீங்க, வீட்ல நம்பிக்கையான ஒரு பெரிய ஆள்கிட்ட சொல்லிருங்க, உடனே ஆஸ்பத்திரி. "யார்கிட்டயும் சொல்லாத"ன்னு அவன் கெஞ்சினாலும் சரி.

சம்மாட்டி_மாமா:
அக்கா சொல்றது வேற, அது பக்குவமான பேச்சு. நான் சொல்றதையும் கேளுங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு கடலுக்கு போகக்கூடாது, நிவாரணம் 8000 ரூவா. ஒரு நாளைக்கு என்ன வருதுன்னு வகுத்து பாத்துக்கங்க. அந்த ரெண்டு மாசமும் டாஸ்மாக்குலதான் கூட்டம். இலங்கையில பிடிபட்டவன் பொண்டாட்டி கலெக்டர் ஆபீசுக்கும் மீன்துறைக்கும் நடக்குறா, கையில புள்ள. அவகிட்ட போயி "மூச்ச இழுத்து விடுங்க"ன்னு சொல்லிக் குடுப்பீகளா? எனக்கு ஆத்திரம் அதுதான், பொழப்பு பிரச்சனைய மனசு பிரச்சனைன்னு மாத்திட்டா கவர்மெண்டுக்கு சுளுவு, இவன் பைத்தியம், படகு வேணாம் மாத்திரை குடுன்னு முடிச்சிருவான்.

பாம்பன்_பய:
மாமா இது நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க சண்டையே போட்டிருக்க மாட்டோம். இத நான் ஒத்துக்குறேன். ஆனா ரெண்டும் சேந்துதான் கேக்கணும். சங்கத்துல இருந்து மனு குடுக்குறீகள்ல, படகு வேணும் ஆளு வேணும்னு, அதுலயே ஒரு வரி, பிடிபட்டவுக குடும்பத்துக்கு மனநல டீம் வீட்டுக்கு வந்து பாக்கணும்னு சேருங்க. திரும்பி வர்றவனையும்தான். ஜெயில்ல இருந்து வந்து ராத்திரி கத்தி எந்திரிக்கிறான், பகல்ல எல்லாரும் மால போட்டு போட்டோ எடுத்துட்டு போயிர்றாக.

கீழக்கரை_காக்கா:
இது நல்ல யோசனை. அப்டியே பாம்பன்ல கடல் ஓசை ரேடியோ 90.4 இருக்குல்ல, கடல்காத்து, மீன்வெலன்னு கேக்குறவங்க நெறய. அதுல டாக்டர பேச வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. ரேடியோவ யாரும் கிழிக்க முடியாது, யாரு கேக்குறான்னும் தெரியாது.

ஓலைக்குடா_மச்சான்:
ரேடியோக்கு ஓகே. தூண்லதான் ஒட்டுவேன்னு அடம் புடிக்காதீங்க. அந்த நோட்டீச நின்னு படிக்கிறவனையே நாலு பேரு பாப்பான். கடலுக்கு போக டோக்கன் வாங்குறோம்ல, அதுக்கு பின்னாடி நம்பர அடிச்சா பையில கெடக்கும், தேவைப்பட்டவன் பாத்துக்குவான்.

சம்மாட்டி_மாமா:
டோக்கன்லயா, எவனும் ஒத்துக்க மாட்டான். மனுல ஒரு வரி சேக்குறது வேற, அத சங்கத்துல பேசலாம். டோக்கனுக்கு மீன்துறைதான் சொல்லணும், நான் போயி கேக்க மாட்டேன்.

பாம்பன்_பய:
நாங்க கேக்குறோம் மாமா. மனு வரிய மட்டும் நீங்க பேசுங்க. நோட்டீஸ் விசயத்துல நான் இன்னும் உங்கள ஒத்துக்கல, தூண்ல இல்லன்னா நூலகத்துல, ரேசன் கடையில ஒட்டுவோம்.

சம்மாட்டி_மாமா:
ரேசன் கடையில ஒட்டுங்க, அங்க யாவாரி வரமாட்டான்.