புதுப்பிப்பு: கிராவல் குழியில் புல் வந்துவிட்டது

போன வருஷம் ஆடியில் இங்கே புலம்பியிருந்தேனே, சோழவரம் பக்கம் கிராவல் அள்ளிவிட்டுப் போன எங்கள் நிலத்தில் தூவிய கொழுக்கட்டைப்புல் (ஆடுமாடு மேயும் புல்) விதை ஒன்றுகூட முளைக்கவில்லை என்று. தப்பு விதையில் இல்லை, என் அவசரத்தில். புது விதை உறங்கும். ஆறேழு மாதம் வைத்திருந்து போட வேண்டும். மிச்சத்தைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். இந்தப் புரட்டாசிக் கடைசியில் சாணியும் மண்ணும் சேர்த்து உருட்டிப் போட்டோம். ஐப்பசி மழை பிடித்ததும் பூனைமயிர் மாதிரி பச்சை!

ஓரத்தில் குவிந்திருந்த மேல்மண்ணைப் பரப்பிய இடத்தில் அருகம்புல் தானாகவே ஓடுகிறது. செங்குத்தாக விட்ட கரை மட்டும் சரிந்துவிட்டது, சாய்வாக வெட்டியிருக்கணும். சீமைக்கருவேலங் கன்றுகளை ஈரத்திலேயே வேரோடு பிடுங்குகிறேன்.

ஒரு வருஷம் ஆடு விடக்கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் அதை யார் சொல்வது?